செலவுக்கு நாம

அப்பா எங்கள் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இஸ்திரி மேசையிலிருந்து எழுந்த ஆவிக்கு அந்தப் பக்கம், சாம்பல் நிற உடுப்பில், தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவர் நிற்பது தெரிந்தது. மகனுக்கு அங்கி எடுக்க வந்த யாரோ ஒரு தகப்பன் என்று நினைத்தேன். ஆவி கலைந்ததும் பார்த்தால் என் தகப்பன். கண்ணாடித் தடுப்புக்குள், முதலாளியம்மாவின் மேசைக்கு முன்னால், நாற்காலி இருந்தும் உட்காராமல் முதுகை லேசாக வளைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வளைவு எனக்குத் தெரியும். அப்பா ஒரு பெரிய அரசாங்கக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். அதிகாரிகள் ஏறும்போது அந்த வளைவு தானாக வந்துவிடும். வீட்டில் வராது. வீட்டில் அவர் நிமிர்ந்துதான் இருப்பார்.

போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனவர், அது முழுசாக மூடிக்கொள்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் படியிறங்கினார். வேலைப் பழக்கம்.

முதலாளியம்மா எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியின் காம்பைக் கடித்துக்கொண்டே பேசுவது அவர் வழக்கம். அதனால் பாதிச் சொற்கள் பல்லுக்குள்ளேயே நின்றுவிடும்.

“திங்கக்கிழமையிலேர்ந்து நீ ஒம்பது மணி வரைக்கும் இருக்கியாமே. முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் வெளியில ஆள் தேடிக்கிட்டு இருந்தேன்.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

“உன் சம்பளத்துல கேட்ட அட்வான்ஸ்ல பாதி அவர்கிட்ட குடுத்துட்டேன். மீதி சனிக்கிழமை. தங்கச்சி பெரிய இடத்துல படிக்கப் போறாளாம்ல? குடுத்து வச்சவ.”

“அஞ்சு மணிக்கு…”

“என்னது?”

“அஞ்சு மணிக்குப் போகலாம்னு நீங்க…”

“அட, அந்த ஸ்கூலா? அது இப்ப வேணாம்னு உங்கப்பாவே சொல்லிட்டாரேம்மா. நீ சொல்லித்தான் வந்திருக்காருன்னு நினைச்சேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்தது அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது, உடனே கழற்றிவிட்டார். “உங்க வீட்டு விவகாரத்துல நான் தலையிட மாட்டேன். எனக்குக் கவுன் போகணும், அவ்வளவுதான்.”

நாங்கள் பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி வாடகைக்குக் கொடுக்கிற கடை. கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி, தோளில் போடுகிற வண்ணப் பட்டி. துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது, இஸ்திரி போடுவது, மடித்து உறையில் போடுவது, எல்லாம் நானும் இன்னும் இரண்டு பெண்களும். எங்கள் அங்கிகள் போவது இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு. தலைநகரில் இருப்பது பழையது, மணிக்கூண்டு உள்ளது, பெயரைச் சொன்னாலே ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அதன் பட்டி சிவப்பு. இன்னொன்று எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருப்பது, புதியது, பழைய கிடங்குகளை இடித்துக் கட்டியது. அதன் பட்டி பச்சை. கடையில் நாங்கள் பல்கலைக்கழகங்களின் பெயரையே சொல்வதில்லை. “சிவப்புக்கு எத்தனை போகுது, பச்சைக்கு எத்தனை வருது” என்றுதான் பேசுவோம். என் வழியாக அது எங்கள் வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. அங்கி இரண்டுக்கும் ஒன்றுதான். இந்த வாரம் சிவப்புக்குப் போன அதே அங்கி, வியர்வை போகத் துவைத்து, அடுத்த வாரம் பச்சைக்குப் போகும். பட்டியை மட்டும் மாற்றுவோம், இரண்டு கொக்கி.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று சொல்ல நான் தயாரில்லை. அங்கிகளைத் திருப்பி வாங்குகிற மேசையில் நானும் நின்றிருக்கிறேன். சிவப்புப் பட்டிக்காரர்கள் அதை உடனே கொடுக்க மாட்டார்கள். இன்னொரு போட்டோ, இன்னும் ஒரு நாள், தாத்தாவுக்குக் காட்டணும், என்பார்கள். பச்சைப் பட்டிகள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். போன வருடம் ஒரு பெண், பச்சைக்காரி, அங்கியை எடுக்க வந்தவள் என் காதருகில் வந்து, ஒரே ஒரு போட்டோவுக்கு மட்டும் அந்தச் சிவப்பைத் தர முடியுமா, தனியாகக் காசு தருகிறேன் என்று கேட்டாள். நன்றாகப் படித்த பெண், கழுத்தில் மெடல் வாங்கப் போகிறவள். முதலாளியம்மாவுக்குக் கேட்டுவிட்டது. “அது என்ன லிப்ஸ்டிக்கா, கலர் பாத்துப் பூசிக்க?” என்றார். கடையே சிரித்தது. எனக்கு அன்றைக்கு முழுக்கக் கோபம் அடங்கவில்லை. கேட்ட அவள்மேல் அல்ல, சிரித்தவர்கள்மேலும் அல்ல. அவளை அப்படிக் கேட்க வைத்தது எதுவோ அதன்மேல். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போய் ஒரு குத்து விட்டிருப்பேன்.

இப்போது அது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. தங்கைக்கு இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. பாடம் ஒன்று, வருடங்கள் ஒன்று. பச்சையில் அவள் மதிப்பெண்ணுக்குக் கட்டணமே இல்லை, பஸ் பாஸும் தருகிறார்கள். சிவப்பில் கட்டணம் உண்டு, விடுதி உண்டு, சாப்பாடு உண்டு, முன்பணம் உண்டு. சனிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாலைப் பள்ளி, பாதியில் நின்றவர்களுக்கானது. திங்கட்கிழமை தொடக்கம். ஐந்து மணிக்குக் கடையை விட்டால் ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்துவிடலாம். கடையில் வேலை முடிவது ஐந்துக்குத்தான், ஆனால் விழாக் காலத்தில் யாராவது ஒருத்தியை இரவு வரை நிறுத்திக்கொள்வார்கள், பெரும்பாலும் என்னை. முதலாளியம்மாவிடம் இதைக் கேட்பதற்கு நான் ஒரு மாதம் வாக்கியத்தைத் தயார் செய்தேன். குளியலறையில் சொல்லிப் பார்த்தேன், பஸ்ஸில் உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கேட்டபோது பாதி வாக்கியம்தான் வெளியே வந்தது. அதற்குள் அவர் “சரி, போ” என்று சொல்லிவிட்டார். மீதிப் பாதி இன்னும் எனக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒரு “சரி”யை அப்பா வந்து, குனிந்து நின்று, ஒரே பேச்சில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா போனில் அத்தையோடு பேசிக்கொண்டிருந்தார். அத்தை மகன் சிவப்பில் படித்தவன். அவன் பட்டம் வாங்கிய போட்டோ அத்தை வீட்டில் வாசலுக்கு நேராக, செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கும். “ஆமாக்கா, நாங்க நல்லா யோசிச்சுத்தான் முடிவு பண்ணியிருக்கோம். நாங்க அங்கேயே அனுப்புறோம். செலவாகும்தான், இருக்கட்டுமே. நாங்க என்ன கணக்குப் பாக்குறவங்களா?” என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வந்துட்டியா, என்பது போல.

நாங்க. அத்தையிடம் பேசும்போது எல்லாம் நாங்க. போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினால் அது நாம ஆகிவிடும். “நாம கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும்.” “நாம ஒரு வருஷம் பொறுத்துக்கலாம்.” ஒரு வருஷம் பொறுத்துக்கலாம் என்று அவர் சொன்னது, அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் செய்தபோது. எனக்குப் பதினைந்து வயது. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க ஒருவர் வேண்டும், சமைக்க ஒருவர் வேண்டும். நாம பொறுத்துக்கலாம் என்றார். மறுநாள் அப்பா வேலைக்குப் போனார், தங்கை பள்ளிக்கூடம் போனாள், நான் பொறுத்துக்கொண்டேன். அம்மா எழுந்து நடமாடிய பிறகு அந்த ஒரு வருஷம் முடிந்துவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது. ஊமைக்கோட்டான் என்று அப்பா எனக்குப் பெயர் வைத்திருந்தார், விருந்தாளிகளிடம் அதைச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டில் நாம என்றால் ஒரே ஓர் ஆள். பெருமைக்கு நாங்க, செலவுக்கு நாம.

அம்மா சுடுதண்ணீர்ப் பையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். “எனக்கென்னமோ பச்சையே போதும்னு தோணுது,” என்றாள், சுவரைப் பார்த்து. “ஃபீஸே இல்லையே. வீட்டுச் சாப்பாடு. சாயங்காலம் வந்துடுவா.”

“ஃபீஸ் இல்லைன்னா மதிப்பும் இல்லைன்னு அர்த்தம்,” என்றார் அப்பா. “உனக்கு என்ன தெரியும்? நான் தினமும் பாக்குறேன். என் லிஃப்ட்ல மேல் மாடிக்குப் போறவன் எல்லாம் அங்க படிச்சவன். உள்ள வந்ததுமே நீங்க எந்த வருஷம், நான் இந்த வருஷம்னு கையைக் குடுத்துப்பான். பச்சையில படிச்சவன் ரெண்டாவது மாடியிலேயே இறங்கிடுறான்.”

அப்பாவும்தான் தினமும் மேல் மாடிவரை போகிறார். அதை நான் சொல்லவில்லை.

“அப்பா சொல்றது நிஜம்மா,” என்றாள் தங்கை. மேசையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். “இன்டர்வியூல முதல் கேள்வியே எங்க படிச்சேங்கிறதுதானாம். எங்க டீச்சரே சொன்னாங்க, கிடைச்சதை விடாதேன்னு.”

“அதான்,” என்றார் அப்பா. “நாலே வருஷம். நாம கொஞ்சம் வயித்தைக் கட்டினா ஓடிடும். சாயங்காலம் சும்மா போற நேரத்தை நாம ஒரு வேலையில போட்டா…”

“யாரு நாம?”

யார் கேட்டது என்று அம்மா சுற்றிப் பார்த்தாள். நான்தான் கேட்டேன். செருப்புகூட இன்னும் கழற்றவில்லை, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

“என்ன?” என்றார் அப்பா.

“நாம நாமன்னு சொல்றீங்களே. யாரு அது? நீங்க சாயங்காலம் எங்க வேலைக்குப் போறீங்க?”

என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. கீச்சென்று, நடுவில் உடைந்து. நல்ல குரலில் கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வாய்க்கவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன், இஸ்திரிப் பெட்டியைப் பிடிச்சிக்கிட்டு. என்னைத் தாண்டித்தான் போனீங்க.”

“பாருடா, ஊமைக்கோட்டான் பேசுது,” என்று சிரித்தார் அப்பா. யாரும் கூடச் சிரிக்காததால் முகம் மாறியது. “என்னடி இப்ப? குடி முழுகிப் போச்சா? உன் தங்கச்சிக்குத்தானே செய்யுற? ஊரானுக்கா செய்யுற?”

“எனக்கும் திங்கக்கிழமை ஸ்கூல் இருக்கு.”

“இத்தனை வயசுக்கு மேல பெஞ்சுல போய் உக்காந்து என்ன கலெக்டராகப் போறியா?” என்றாள் அம்மா. திட்டுகிற குரலில் அல்ல, உண்மையாகவே கேட்கிற குரலில். அதுதான் அதிகமாகச் சுட்டது. “உனக்குன்னு என்னம்மா பெரிய செலவு இருக்கு? நீ எதுவும் கேக்குறவளே இல்லையே.”

கேட்காதவள் என்று எனக்கு ஒரு சான்றிதழ். அதை வைத்தே இத்தனை வருடம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பச்சையே போதும்க்கா என்று அவள் சொல்வாள், சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஒரு ஆறுதலுக்காவது, பொய்யாகவாவது. அவள் சொல்லவில்லை.

“எனக்கு அங்கதான் போகணும்,” என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. “நான் ஏன் பொய் சொல்லணும்? சின்னதுலேர்ந்து அந்த மணிக்கூண்டு படத்தை ஒட்டி வச்சிருக்கேன், உனக்கே தெரியும். நீ படிப்பை விட்டதுக்கு நானா காரணம்? எனக்கு அப்ப பன்னெண்டு வயசுக்கா.”

“உன்னை யாரு சொன்னா?”

“நீ பாக்குற பார்வையே சொல்லுதே.”

“சனிக்கிழமை கட்டுறேன்,” என்றார் அப்பா. “இதுல பேச ஒண்ணும் இல்ல. வாங்கின அட்வான்ஸை இப்பப் போய்த் திருப்பிக் குடுத்தா அந்தம்மா என்னை என்ன நினைக்கும்?”

அந்தம்மா என்ன நினைக்கும். அத்தை என்ன நினைப்பாள். லிஃப்டில் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். ஊரில் எல்லோருடைய நினைப்புக்கும் அப்பாவிடம் ஓர் இடம் இருந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அறைந்து சாத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். கீல் தளர்ந்த கதவு, பாதியில் தரையில் உரசி நின்றுவிட்டது. கோபப்படுவதற்குக்கூட வீட்டில் ஒரு சாமான் ஒழுங்காக இல்லை.

அதற்குப் பிறகு நான் யாரோடும் பேசவில்லை. என் விஷயத்தில் உள்ள சிக்கல், அது யாருக்கும் தெரியவில்லை. எப்போதும் போலத்தான் இருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை அப்பா பணம் கட்டினார். சிவப்பு. அத்தை போன் செய்து, “இப்பத்தான் நம்ம குடும்பம் மாதிரி இருக்கு,” என்றாளாம். அப்பா அதை இரண்டு முறை சொன்னார்.

திங்கட்கிழமை மேசைமேல் அங்கிகள் மலையாகக் கிடந்தன. அந்த வாரம் சிவப்புக்கு விழா. நான் பட்டிகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றை மாட்டும்போதும் கையை வேண்டுமென்றே அழுத்தினேன், துணி கிழிந்தாலும் கிழியட்டும் என்று. கிழியவில்லை. நான் தைத்தது, அவ்வளவு சீக்கிரம் கிழியாது. சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று அதற்கு முதுகைக் காட்டி நின்றேன். ஆனால் மற்ற இரண்டு பெண்களும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஐந்தாகப் போகிறது என்று தெரிந்துவிட்டது. நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இப்போது யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள். என் பெயருக்கு ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள்.

கதவு திறந்தது. தங்கை.

மாடியேறி வந்த மூச்சு வாங்கல். முதலாளியம்மாவின் தடுப்பை எட்டிப் பார்த்தாள், அவர் கணக்கில் தலையைப் புதைத்திருந்தார். என் மேசைக்கு வந்து நின்றாள். அவளும் இந்தக் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கம்பியில் தொங்கிய அங்கிகளை ஒரு முறை கண்ணால் தொட்டாள். சிவப்புப் பட்டிகளில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது பார்வை. அதை அவளால் மறைக்க முடியவில்லை, நானும் பார்க்காதது போல் இருக்கவில்லை.

“போட்டுப் பாக்கணுமா?” என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

“வேணாம்.” புத்தகப் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். “நீ கிளம்பு. ஒம்பது வரைக்கும் நான் நிக்கிறேன்.”

“உனக்கு இதுல ஒண்ணும் தெரியாது.”

“சொல்லிக் குடு. உனக்கு மட்டும் பொறக்கும்போதே தெரியுமா?”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வந்திருப்பேனா?”

“நீ போறது அடுத்த மாசம். அப்புறம்?”

“தெரியல.”

“தெரியலைன்னா?”

“தெரியலைன்னா தெரியலதான்க்கா.” குரல் உயர்ந்துவிட்டது. தடுப்புக்குள் முதலாளியம்மா தலையைத் தூக்கினார். தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் அங்க போகத்தான் போறேன். அதை மாத்திக்க மாட்டேன். நல்லவ மாதிரி நடிக்கவும் வராது. ஆனா அப்புறம் நாம பாத்துக்கலாம்னு உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.”

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை, மன்னிக்கவும் தோன்றவில்லை. ஒரு மாதம். எனக்குச் சேரவேண்டியதில் ஒரு மாதத்தை எடுத்து எனக்கே கொடுக்க வந்திருக்கிறாள், அதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். கோபம் அப்படியே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் மேசைக்கு இந்தப் பக்கம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.

“முதல்ல கழுத்து. அப்புறம் தோள். தேய்க்காதே, வச்சு வச்சு எடு. இது பட்டு கிடையாது, பாலியெஸ்டர். ஒரே இடத்துல நின்னா பொசுங்கிடும்.”

“சரி.”

“ஆவி வர்ற பட்டன் இது. மூஞ்சியைப் பக்கத்துல கொண்டு போகாதே.”

“சரிக்கா. போ.”

முதலாளியம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். காம்பு வாயில் இருந்தது. ஏதோ சொல்ல வந்தவர் கண்ணாடியை மாட்டாமலேயே மறுபடி கணக்குக்குள் குனிந்துகொண்டார். மங்கலாகத் தெரிந்தது போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டின் முதல் திருப்பத்தில் அந்த வாடை வந்தது. துணி பொசுங்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் வாடை, எனக்கு அது தூக்கத்திலும் தெரியும். கால் நின்றுவிட்டது. ஓடிப் போய்ப் பெட்டியைத் தூக்கிவிடலாம், நாலு எட்டுதான்.

“அக்கா!” என்று மேலிருந்து கேட்டது.

கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி கூப்பிட்டால் போய்விடுவேன் என்று தெரிந்தது. கூப்பிடவில்லை. ஏதோ தட்டுப்பட்டு விழும் சத்தம், பிறகு முதலாளியம்மாவின் நாற்காலி நகரும் சத்தம். பிறகு புஸ்ஸென்று நீளமாக, பெட்டி மேலே தூக்கப்பட்ட ஆவிச் சத்தம்.

தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கடை ஜன்னலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பெரிதாக ஒன்று, இடைவெளி விட்டுச் சின்னதாக ஒன்று, மறுபடி ஒன்றும் இல்லை, மறுபடி பெரிதாக. அதற்கு முதுகைக் காட்டி நகராட்சிக் கட்டடத்தின் பக்கம் நடந்தேன்.